சியர்லீடராக இருந்த பவுலா அப்துலைப் பாப் நட்சத்திரமாக்கியது எது?

கேள்வி:
லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணியின் ஆட்டங்களில் நடனமாடிய லேக்கர் கேர்ள்ஸ் என்ற சியர்லீடர் குழுவில் ஒருவராகத் தொடங்கிய பவுலா அப்துலின் பாடல்கள், 1989-இல் அமெரிக்கத் தரவரிசையின் முதலிடத்தைப் பிடித்தன. அவருடைய குரல் மெலிதானது என்று பலரும் எழுதுகிறார்கள். அப்படியானால் நடனம்தான் அவரை அந்த உயரத்துக்குக் கொண்டுசென்றதா? அக்கால இசையை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
நடனம் என்பதைவிட, நடனம் அமைக்கும் திறன் என்பதே சரி. குழுவில் சேர்ந்த சிறிது காலத்திலேயே அதன் நடன அமைப்பாளரானார். ஆட்டத்தின் இடைவேளையோ மிகக் குறுகியது. பார்வையாளர்களோ நான்கு புறமும் அமர்ந்திருப்பார்கள். தொலைவில் இருப்பவருக்கும் ஒரே பார்வையில் பதியும்படி அசைவுகள் கூர்மையாக இருந்தாக வேண்டும். அங்கு அவரைக் கவனித்த பாடகர்களான ஜாக்சன் சகோதரர்கள், 1984-இல் தங்கள் 'டார்ச்சர்' பாடலின் காணொளிக்கு நடனம் அமைக்கும் பணியை அவரிடம் ஒப்படைத்தார்கள். அடுத்து, பாடகி ஜேனட் ஜாக்சனின் 'கன்ட்ரோல்' தொகுப்புப் பாடல்களுக்கு அவர் அமைத்த நடனங்கள், ஜேனட்டை உறுதிமிக்க ஒரு புதிய ஆளுமையாகவே மக்கள்முன் நிறுத்தின. அவற்றில் 'நாஸ்டி' 1987-இல் சிறந்த நடன அமைப்புக்காக எம்டிவி இசைத் தொலைக்காட்சியின் விருதைப் பெற்றது. சொந்தமாகப் பாட வருமுன்பே, ஒரு பாடலைக் கண்ணுக்கு எப்படிக் காட்டுவது என்பதில் அவர் தேர்ந்திருந்தார்.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பாடல்களைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. 1988-இல் வெளியான அவருடைய 'ஃபாரெவர் யுவர் கேர்ள்' பாடல் தொகுப்பு உடனே வென்றுவிடவில்லை. தரவரிசையில் 64 வாரங்கள் இருந்த பிறகே முதலிடத்தை எட்டியது. காணொளி ஒருவரை ஒருமுறை ஈர்க்கலாம். அத்தனை வாரங்கள் மக்களை இசைத்தட்டு வாங்க வைப்பதற்குப் பாட்டிலும் ஏதேனும் இருக்க வேண்டும் அல்லவா? அந்தத் தொகுப்பிலிருந்து நான்கு பாடல்கள் முதலிடம் பெற்றன. குரலின் வீச்சு குறைவுதான். ஆயினும் சொற்களைத் தாளத்தின்மேல் துல்லியமாக வைக்கும் அவருடைய பாங்கு, ஒரு நடனக் கலைஞருக்கே உரியது என்பது என் கருத்து. டேவிட் ஃபின்ச்சர் கறுப்பு வெள்ளையில் இயக்கிய 'ஸ்ட்ரெயிட் அப்' காணொளியின் தொடக்கத்தில் அவர் ஆடும், காலணியால் தரையைத் தட்டி ஒலி எழுப்பும் டாப் நடனத்தைக் கேட்டால் இது புரியும். அங்கே கால்களே தாளக்கருவி.

பதில் 3:
குரலைப் பற்றிய ஐயம் நீதிமன்றம்வரை சென்றது. சில பாடல்களில் தம் குரலும் முதன்மைக் குரலாகக் கலக்கப்பட்டதாகப் பின்னணிப் பாடகி ஒருவர் தொடுத்த வழக்கில், 1993-இல் நடுவர் குழு இசைத்தட்டு நிறுவனத்துக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. இந்தச் சர்ச்சையைப் பேசும் அளவுக்கு அவருடைய நடன அமைப்புகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தமே. பாடகியாக அறிமுகமான 1988-லேயே 'கமிங் டு அமெரிக்கா' திரைப்படத்துக்கு நடனம் அமைத்தார். 1989-இல் 'டிரேசி உல்மன் ஷோ' தொலைக்காட்சி நிகழ்ச்சியின் நடன அமைப்புக்காக எம்மி விருது பெற்றார். கேள்வி கேட்டவர் அவருடைய 'கோல்ட் ஹார்ட்டட்' பாடலின் காணொளியைப் பார்க்க வேண்டும். அமெரிக்க நடன அமைப்பாளர் பாப் ஃபாஸியின் நடன பாணிக்கு மரியாதை செய்யும் அந்த ஒத்திகைக் காட்சியில், குழுவின் நடுவே ஆடும் பாடகியும் அந்தக் குழுவையே நடத்திச்செல்லும் அமைப்பாளரும் ஒருவரே என்பது தெளிவாகத் தெரியும்.