எப்பவாவது விழுற டெஸ்ட்: திரும்ப ஓட்டலாமா, கூடாதா?

லயத்துப்பிள்ளை:
சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன். நாங்க சிலர் சேர்ந்து எழுதுற டிஎல்எஸ் (நெட்ல போற பேச்ச பூட்டி அனுப்புற முறை) லைப்ரரியில ஒரு டெஸ்ட் எப்பவாவதுதான் விழுது. சர்வர் இங்க என் வீட்டுல, ஈப்போவுல இருக்கிற மெஷின்ல இருந்து ஓப்பன்எஸ்எஸ்எல் (வேற ஆளுங்க எழுதின டிஎல்எஸ் மென்பொருள்) வந்து பேசும். பகல்ல பாத்தா எல்லாம் பச்சை. ராத்திரி முழுக்க விட்டா காலையில சில சிவப்பு. இடி மழைன்னா எங்க தோட்டத்துப் பக்கம் லைன் தடுமாறும். விழுந்தா இன்னொரு தடவை ஓட்டு, அதுவும் விழுந்தாதான் தோல்வின்னு போட்டுடலாமா?

கித்தாக்காட்டான்:
தாராளமா போடு தம்பி. நெட்வொர்க் டெஸ்ட்னா விழத்தான் செய்யும். போர்ட் 4433னு கெட்டியா எழுதி வச்சிருப்பீங்க, முந்தின சர்வரோட சாக்கெட் மூடின பிறகும் கொஞ்ச நேரம் அந்தப் போர்ட்ட பிடிச்சுக்கிட்டு டைம்-வெயிட்ல நிக்கும், அடுத்தது எழும்ப முடியாது. இதுக்கெல்லாம் எல்லார் வேலையும் நிக்கணுமா? அடிக்கடி சிவப்பு வந்தா அப்புறம் யாருமே திரும்பிப் பாக்க மாட்டாங்க.

செல்வி_தாப்பா:
போடவே கூடாது. லாக்ல என்ன விழுந்திருக்கு, அத முதல்ல சொல்லு.

லயத்துப்பிள்ளை:
அக்கா, எப்பவும் ஒரே இடம்தான். டிஎல்எஸ் 1.2, ஹேண்ட்ஷேக் (சாவி ஒத்துக்கிற ஆரம்பப் பேச்சு) முடிவுல ஃபினிஷ்ட் செய்தி வரும்போது அலெர்ட் 20, பேட் ரெக்கார்ட் மேக், அதாவது செய்தியோட சரிபார்ப்பு முத்திரை ஒத்துப்போகல. டிஎச்இ (சாவி ஒத்துக்கிற ஒரு வழி) சைஃபர்ல மட்டும். அதோட இன்னொரு வகையான ஈசிடிஎச்இல ஒரு தடவைகூட இல்ல.

செல்வி_தாப்பா:
அப்போ லைன் மேல பழி போடாதீங்க. லைன் அறுந்தா டைம்அவுட் வரும், இல்ல கனெக்‌ஷன் ரீசெட் வரும். சைஃபர் பாத்தா மழை பெய்யுது?

பேட் ரெக்கார்ட் மேக்னா ரெண்டு பக்கமும் வேற வேற சாவி வச்சிருக்குன்னு அர்த்தம். டிஎச்இல ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா கிடைக்கிற, சாவி செய்யப் பயன்படுற ரகசியத்தோட முதல் பைட் சுமார் 256 தடவைக்கு ஒரு தடவை பூஜ்யமா வரும். 2008ல வந்த ஆர்எஃப்சி 5246, அதாவது டிஎல்எஸ் 1.2ஓட விதி ஆவணம், அந்த முன்னாடி பூஜ்யங்கள வெட்டிட்டுத்தான் பயன்படுத்தணும்னு சொல்லுது. 2018ல வந்த டிஎல்எஸ் 1.3, ஆர்எஃப்சி 8446, வெட்டாம முழு நீளமா வைக்கச் சொல்லுது. உங்க கோட் ரெண்டுக்கும் ஒரே ஃபங்ஷன கூப்பிடுதான்னு பாரு. உங்க கிளையண்ட்டும் உங்க சர்வரும் பேசினா ரெண்டுமே பூஜ்யத்த வச்சுக்கும், டெஸ்ட் பாஸ். வெளி ஆள் வந்தாதான் மாட்டும்.

இப்ப ரீட்ரை போட்டா? அடுத்தடுத்து ரெண்டு தடவை விழ 65,536ல ஒரு வாய்ப்புதான். முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்ச மாதிரி. ஆனா உபயோகிக்கிறவங்களுக்கு அதே 256ல ஒண்ணு அப்படியே இருக்கும்.

கித்தாக்காட்டான்:
இந்தக் கேஸ்ல அக்கா சொல்றது சரி. ஆனா கனெக்‌ஷனே கிடைக்காம விழுறதுக்கு ரீட்ரை வேணும்னுதான் இப்பவும் சொல்வேன். ஈப்போ மெஷின் தூங்கினா கோட் என்ன பண்ணும்?

செல்வி_தாப்பா:
கனெக்‌ஷன் வரைக்கும் ஒத்துக்கறேன். ஹேண்ட்ஷேக்ல முதல் பைட் போனதுக்கு அப்புறம் ஒரு ரீட்ரையும் கூடாது. போர்ட்டுக்கு 0 கொடுங்க, காலியா இருக்கிறத கெர்னலே (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையம்) எடுத்துக் கொடுக்கும். அதுக்கு ரீட்ரையே தேவையில்ல.

கித்தாக்காட்டான்:
எது வரைக்கும் ரீட்ரைங்கிற எல்லைய டெஸ்ட்லயே எழுதி வைக்கணும். இல்லன்னா அடுத்து வர்றவன் எல்லாத்துக்கும் ரீட்ரை போட்டுருவான்.

லயத்துப்பிள்ளை:
பாத்துட்டேன் அக்கா, ஒரே ஃபங்ஷன்தான், 1.2க்கும் வெட்டாம அனுப்புது. பிரிச்சுட்டேன். ரகசியம் பூஜ்யத்துல ஆரம்பிக்கிற மாதிரி ஒரு சாவி ஜோடி தேடி எடுத்து டெஸ்ட்ல நிரந்தரமா வைக்கிறேன், லைன் இல்லாமலே ஓடும். அண்ணே, கனெக்‌ஷன் ரீட்ரை தனி ஃபைல்ல, நீங்க சொன்ன குறிப்போட போகுது.