ஜப்பான் தொடக்கப் பள்ளியில் முதல் சில மாதங்கள்

வகுப்பில் கேள்வி கேட்டால் பதில் வராது என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் முதல் வாரம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஐந்தாம் வகுப்புப் பையனிடம் "உனக்கு என்ன விளையாட்டு பிடிக்கும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான், பக்கத்துப் பையனிடம் திரும்பி ஏதோ கிசுகிசுத்தான், பின்னால் இருப்பவளும் பேச்சில் சேர்ந்துகொண்டாள். மூவரும் கலந்து பேசி முடித்த பிறகு ஒரே சொல்லில் பதில் வந்தது: "சாக்கர்."

அவனுக்குத் தெரியாமல் இல்லை. எல்லார் முன்னிலும் தனியாகத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற தயக்கம்தான். இது புரிந்ததும் கேட்கும் முறையை மாற்றினேன். முதலில் இருவர் இருவராகப் பேச விடுவேன், அப்புறம் வரிசையாக, கடைசியில்தான் தனியாக. வித்தியாசம் உடனே தெரிந்தது.

ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வரும் நம்மைப் போன்றவர்களுக்குப் பெயர் ஏஎல்டி, அதாவது துணை மொழி ஆசிரியர். 1987-இல் தொடங்கிய ஜெட் என்ற ஜப்பான் அரசுத் திட்டம் வழியாக வருபவர்கள் உண்டு. தனியார் நிறுவனங்கள் வழியாக வருபவர்களும் நிறைய. இரண்டாவது வழியில் வருகிறீர்கள் என்றால் ஒப்பந்தத்தில் விடுமுறை மாதச் சம்பளத்தை மட்டும் கவனமாகப் படியுங்கள். சில இடங்களில் கோடை விடுமுறையில் அது குறையும்.

2020 முதல் ஐந்து, ஆறாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் முறையான பாடம், ஆண்டுக்கு 70 பாடவேளை. மூன்று, நான்காம் வகுப்புகளுக்குப் பேச்சும் விளையாட்டுமாக அதில் பாதி. ஒரு பாடவேளை 45 நிமிடம். பல பள்ளிகளில் வகுப்பாசிரியரும் நாமும் சேர்ந்தே நடத்துகிறோம். அவர் கணக்கு, அறிவியல், இசை என்று எல்லாவற்றையும் எடுப்பவர். ஆங்கிலம் என்றால் அவருக்கே உதறல். ஆனாலும் என் அனுபவத்தில் வகுப்பு நன்றாகப் போவதும் போகாததும் அவர் கையில்தான் இருக்கிறது. அவர் கூச்சப்படாமல் உடைந்த ஆங்கிலத்தில் என்னோடு பேசினால், பிள்ளைகளும் பேசுகிறார்கள். அவர் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தால் நான் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் எடுபடாது. அதனால் பாடத்திட்டத்தை விட அவரோடு ஐந்து நிமிடம் முன்கூட்டிப் பேசி வைப்பதற்குத்தான் நான் அதிகம் மெனக்கெடுகிறேன்.

வாசிப்பில் வேறு சிக்கல். மூன்றாம் வகுப்பிலேயே ஜப்பானிய மொழியை ஆங்கில எழுத்துகளில் எழுதும் ரோமாஜி முறையைக் கற்றுவிடுகிறார்கள். அதனால் 'டேக்' (take) என்பதற்கான எழுத்துகளைக் காட்டினால் 'தாகே' என்று படிக்கிறார்கள். அவர்கள் கற்ற விதிப்படி அது சரிதான்! சொல்லின் முடிவில் ஓர் உயிரொலி ஒட்டிக்கொள்வதும் உண்டு. 'பஸ்ஸு' என்று சொல்லி வளர்ந்த நமக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. எழுத்தைக் காட்டும் முன் ஒலியைப் பலமுறை கேட்க வைப்பது ஓரளவு உதவுகிறது.

பிள்ளைகள் உண்மையில் வாய் திறக்கும் இடம் மதிய உணவு. சாப்பாடு வகுப்பறையிலேயே, வெள்ளை மேலங்கி போட்ட பிள்ளைகளே பரிமாறுவார்கள். யாராவது வராத நாளில் ஒரு புட்டிங் மிஞ்சினால், யாருக்கு என்பதை ஜாங்கென் தீர்மானிக்கும்: கையால் காட்டி ஆடும் கல், கத்தரி, காகிதம் விளையாட்டு. அங்கே எந்தத் தகராறும் அதில்தான் முடியும். வகுப்பில் என் முகத்தையே பார்க்காத ஒரு சிறுமி ஒருநாள் என்னையும் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். "ராக், சிஸர்ஸ், பேப்பர், ஒன், டூ, த்ரீ!" என்று கத்தியதும் அவள்தான். வகுப்பில் சொல்லிக்கொடுத்த அதே வரி, யாரும் கேட்காமல். புட்டிங்கும் அவளுக்கே போனது.

அடுத்த பாடத்தில் மறுபடி மௌனம்தான். ஆனால் இப்போதெல்லாம் யார் முதலில் பேசுவது என்பதை ஜாங்கெனிடமே விட்டுவிடுகிறேன். தோற்றவர் முதலில் பேச வேண்டும். அதை மட்டும் யாரும் மறுப்பதில்லை.