குறுந்தொழில்களுக்கான பசுமைப் பயிலரங்கு: மண்டபத்தில் நடத்துவதா, பட்டறையில் நடத்துவதா?

கேள்வி (கோவை, கணபதி)

லேத், மில்லிங், சிறு வார்ப்பு வேலை என ஜாப் ஆர்டரை நம்பியிருக்கும் நாற்பது பட்டறைகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். மின்செலவையும் கழிவையும் குறைப்பது பற்றி, அக்கம்பக்கத்துச் சங்கங்களையும் அழைத்து ஒரு பயிலரங்கு நடத்த எண்ணம். சென்ற ஆண்டு மண்டபம் பிடித்து நடத்திய இதே போன்ற கூட்டத்துக்கு எழுபது பேர் வந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் எஞ்சியவர்கள் பதினொருவர். திரையில் காட்டியவை எல்லாம் பெரிய ஆலைகளின் படங்கள். கடைசி வரை உட்கார்ந்திருந்த நானே என் பட்டறையில் ஒன்றையும் மாற்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஐந்தாறு பேரை வைத்து வேலை செய்பவர் தம் வேலையை விட்டுவிட்டு வருவதற்கு, அவருக்கு எதைக் காட்டினால் தகும்?

மறுமொழி (ஆற்றல் தணிக்கையாளர்)

மண்டபத்தை விட்டுவிடுங்கள். உறுப்பினர் ஒருவரின் பட்டறையில், இயந்திரங்கள் நின்றிருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில், காற்றை அழுத்தித் தொட்டியில் நிரப்பும் கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டு எல்லோரையும் சுற்றி நிற்க வையுங்கள். காற்றை யாரும் பயன்படுத்தாத நேரத்தில் தொட்டி நிறைந்து மோட்டார் நின்றுவிட வேண்டும். சற்று நேரத்தில் அது தானாக மீண்டும் ஓடத் தொடங்கினால், குழாயில் எங்கோ கசிகிறது என்று பொருள். இரண்டு நிமிடம் ஓடி ஆறு நிமிடம் நிற்கிறது என்றால், எட்டில் இரண்டு பங்கு, அதாவது அந்தக் கம்ப்ரஸர் தரக்கூடிய காற்றில் 25 விழுக்காடு, வீணாகப் போகிறது. கைக்கடிகாரம் ஒன்றே இதற்குப் போதும். பிறகு சோப்பு நீரை இணைப்புகளில் தடவினால், குமிழி எழும் இடத்தை அவர்களே கண்டுபிடிப்பார்கள். பராமரிப்பில்லாத இடங்களில் 20 முதல் 30 விழுக்காடு வரை கசிவது வியப்பில்லை.

அடுத்ததாக அழுத்தத்தைப் பாருங்கள். 6 பார் போதுமான வேலைக்கு 7 பாரில் ஓட்டுவோர் பலர். ஒரு பார் குறைத்தாலே கம்ப்ரஸர் இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ ஆறேழு விழுக்காடு குறையும். 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்த பிறகு, இந்தக் கணக்கை யாருக்கும் இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை. சூரியத் தகடு பற்றிய பேச்சை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மறுமொழி (திருப்பூர்)

மேலே சொன்னது மின்சாரத்துக்குச் சரி. கழிவு என்று வந்துவிட்டால், தனித்தனியே கற்றுக்கொடுத்துப் பயனில்லை. எங்கள் ஊரில் சாயக்கழிவு நொய்யல் ஆற்றிலும் ஒரத்துப்பாளையம் அணையிலும் தேங்கியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் ஒரேயடியாக மூடப்பட்டன. ஒரு துளியும் வெளியேறாதபடி சுத்திகரிக்கும் ஏற்பாட்டைத் தனியாக அமைக்கும் வசதி சிறிய பட்டறைக்குக் கிடையாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பங்கு சேர்ந்தவர்களே பெரும்பாலும் மீண்டு வந்தார்கள். ஆகவே உங்கள் பயிலரங்கு முடியும்போது, கூட்டாகச் செய்வதாக ஒப்புக்கொண்ட ஒரு வேலையாவது கையெழுத்தோடு தாளில் இருக்க வேண்டும்.

மறுமொழி (சிட்கோ தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர்)

அந்தக் கூட்டு வேலைக்கு என் பட்டறை மூலையே எடுத்துக்காட்டு. இயந்திரங்களிலிருந்து வடிக்கும் பழைய எண்ணெய் ஒரு டிரம் நிறைய எனக்கு ஐந்து மாதம் ஆகிறது. தீங்கான கழிவுகள் குறித்த 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, பொதுவாக 90 நாளுக்கு மேல் அதை வைத்திருக்கக் கூடாது. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்கவும் வேண்டும். அரை டிரம்முக்காக எந்த மறுசுழற்சியாளர் வண்டி அனுப்புவார்? விளைவு, சிலர் சாக்கடையில் ஊற்றுகிறார்கள். சிலர் பழைய சாமான் எடுப்பவரிடம் தள்ளிவிடுகிறார்கள். இருபது பட்டறைகள் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு ஒரு நாளைக் குறித்தால் வண்டி தானே வரும்.

இன்னொன்று: குறைபாடும் சுற்றுச்சூழல் பாதிப்பும் இல்லாத உற்பத்திக்கு ஒன்றிய அரசு தரும் ‘ஜெட்’ (ZED) சான்றிதழ்க் கட்டணத்தில் குறு நிறுவனங்களுக்கு 80 விழுக்காடு மானியம் உண்டு. அதைச் சொல்லுங்கள், ஆனால் கடைசியில் சொல்லுங்கள். முதலிலேயே சான்றிதழ் என்றால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை வேலை முடிந்ததும் என் கம்ப்ரஸரையே சோதித்தேன்: மூன்று நிமிடம் ஓடி ஏழு நிமிடம் நின்றது. கிரைண்டருக்குப் பின்னால், நாங்கள் நெடுநாளாகக் கேட்டும் கேளாததுபோல இருந்த ‘ஸ்ஸ்’ சத்தம்தான் முதற்குற்றவாளி. அந்த ஹோஸ் கிளாம்பை மாற்றிவிட்டேன். மற்ற கசிவுகளை வேண்டுமென்றே அப்படியே விட்டிருக்கிறேன், ஏனென்றால் முதல் பயிலரங்கு என் பட்டறையிலேயே நடக்கிறது. எண்ணெய் சேகரிக்கும் நாளை அன்றே குறித்துவிடுவோம். சாப்பாடு உண்டு, சோப்பு நீர்ச் சோதனை முடிந்த பிறகுதான் இலை போடுவோம்.