பெரிய ரெஸ்பான்ஸ் வந்தால் ப்ராக்ஸி சர்வர் திணறுகிறது, உதவி தேவை

செல்வம்_டெவ்: அவசரம். நான் எழுதிய ப்ராக்ஸி (சர்வருக்கும் பயனருக்கும் நடுவில் நின்று தரவைக் கடத்தும் நிரல்) சின்னக் கோப்பென்றால் பறக்கிறது, பெரியது வந்தால் சிபியு 100 சதவீதத்துக்குப் போய்விடுகிறது. ஸ்டிரிங் கையாளும் இடத்தில்தான் சிக்கல் என்று நினைக்கிறேன். நாளை காலை காட்டியாக வேண்டும்.

ராஜி: எந்த மொழி? கோப்பு எவ்வளவு பெரியது? எந்த ஃபங்ஷன் நேரத்தைத் தின்கிறது என்று பெர்ஃப் கருவியை ஓட்டிப் பார்த்தீர்களா?

குமரன்78: மெமரி ஒதுக்கீடுதான். ஜேஇமல்லாக் என்ற மெமரி ஒதுக்கும் நூலகத்தைப் போட்டுப் பாருங்கள், எனக்கு அதுதான் கைகொடுத்தது.

பீட்டர்_நெட்: சின்னப் பாக்கெட்டுகளைச் சேர்த்து அனுப்பக் காத்திருக்கும் நேகிள் அல்காரிதம் போலத் தெரிகிறது. டிசிபி நோ-டிலே போட்டு அதை நிறுத்துங்கள்.

ராஜி: நேகிள் என்றால் சிபியு சும்மா காத்திருக்கும், பீட்டர். 100 சதவீதம் ஏறாது.

செல்வம்_டெவ்: மன்னிக்கவும், சி மொழி. கோப்பு 8 எம்பி. ரிசீவ் செய்யும் 1 கேபி துண்டுகளை ஸ்டர்கேட் (ஒரு ஸ்டிரிங்கின் வாலில் இன்னொன்றை ஒட்டும் சி ஃபங்ஷன்) போட்டு ஒட்டுகிறேன். பெர்ஃபில் முதல் வரியே ஸ்டர்கேட்தான். அப்புறம், சில படங்கள் பாதியில் வெட்டுப்படுகின்றன, அது வேறு பிரச்சினை.

பழையகை: வேறு பிரச்சினை இல்லை தம்பி. சாக்கெட்டைத் தொடும் முன் இதைப் படித்திருக்க வேண்டும். சி-யில் ஸ்டிரிங் முடிவதைக் காட்டுவது ஒரு பூஜ்ஜிய பைட்; ஸ்டர்கேட் ஒவ்வொரு முறையும் முதல் பைட்டிலிருந்து அதைத் தேடி நடக்கும். 8192 துண்டு ஒட்டி முடிப்பதற்குள் சுமார் 32 ஜிபி நடந்திருக்கும். படத்துக்குள்ளேயே பூஜ்ஜிய பைட் உண்டு, அந்த இடத்தோடு நின்றுவிடும். இதுவரை சேர்ந்த நீளத்தை ஒரு மாறியில் வையுங்கள், பஃபரில் (தரவு சேரும் மெமரிப் பகுதி) அந்த இடத்திலிருந்து மெம்காப்பி (சொன்ன அளவு பைட்டுகளை அப்படியே நகலெடுப்பது) செய்யுங்கள், ரிசீவ் தந்த எண்ணை நீளத்தோடு கூட்டுங்கள்.

ராஜி: சொன்னது சரி, தொனிதான் வேண்டாம். ஜிடிஏ ஆன்லைன் விளையாட்டு லோடாக நிமிடக்கணக்கில் இழுத்ததற்கும் இதே மாதிரி சிக்கல் ஒரு காரணம் என்று 2021இல் தெரிந்தது. 10 எம்பி ஜேசான் கோப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் எஸ்ஸ்கேன்எஃப் என்ற சி ஃபங்ஷன் மிச்ச நீளம் முழுவதையும் எண்ணியது. பெரிய அணிகளே சறுக்கிய இடம்.

குமரன்78: ரஸ்ட் மொழியில் எழுதியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பழையகை: என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் எழுதப்பட்டதும் சி மொழியில்தான். அதன் ஸ்டிரிங்கில் நீளமும் பாயிண்டரும் (தரவு இருக்கும் முகவரி) சேர்ந்தே இருக்கும். ரெடிஸ் டேட்டாபேஸும் நீளத்தைக் கூடவே வைத்திருக்கிறது. குறை மொழியில் இல்லை, பழக்கத்தில்.

குமரன்78: அந்தப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்ததே சி தானே? அதன் ஸ்டிரிங் ஃபங்ஷன்கள் பூஜ்ஜியத்தை நம்பித்தான் நிற்கின்றன.

செல்வம்_டெவ்: மெம்காப்பிக்கு மாற்றினேன். 8 எம்பி உடனே போகிறது, படமும் முழுதாக வருகிறது. எல்லோருக்கும் நன்றி.

ராஜி: மகிழ்ச்சி. பஃபர் நிரம்பினால் என்ன செய்கிறீர்கள்? மெம்காப்பிக்கு முன் மிச்ச இடத்தைச் சோதிக்கிறீர்களா? அந்த வரிகளைப் போடுங்கள்.

ராஜி: செல்வம், பார்த்தீர்களா?