சத்தத்தை ஏற்றப் போய்ப் பாட்டைக் கெடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா?

தவில்பிரியன்
மூன்று வருஷமாக உறுத்துகிறது. திருவிழாப் பாட்டு ஒன்று; நாகஸ்வரம், தவில், பின்னால் கொஞ்சம் சிந்தசைசர். மைனஸ் 13 லஃப்ஸில் (காதுக்குப் படும் சத்தத்தின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்) மிக்ஸை முடித்துக் கொடுத்தேன். பாட்டுக்குக் காசு போட்டவர் ஒரு சினிமாப் பாட்டை அடுத்துப் போட்டுவிட்டு, "தம்பி, நம்மளுது சத்தம் கம்மியா இருக்கே" என்றார். லிமிட்டரில் (உச்சிகளை நசுக்கி மொத்தச் சத்தத்தை ஏற்ற உதவும் கருவி) தள்ளி மைனஸ் 7-க்கு ஏற்றினேன். அவருக்குத் திருப்தி.

ஸ்பாட்டிஃபையில் வந்த அன்று அவர் காரில் கேட்டோம். எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும் ஸ்பாட்டிஃபை, எங்கள் பாட்டை மைனஸ் 14-க்கு, அதாவது 7 டிபி (டெசிபல்), இறக்கிவிட்டது. நடுவில் நாகஸ்வரம் நின்று தவில் மட்டும் எடுக்கும் இடம் வரும். தொப்பியில் குச்சி விழும் முதல் அடி நெஞ்சில் இறங்க வேண்டும். அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல வந்து போனது. அவரே திரும்பி, "தவில் எங்கப்பா?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

பென்டிரைவ்
மேலே சொன்னதைப் படித்துவிட்டு எல்லாரும் மைனஸ் 14-ல் மாஸ்டர் (வெளியீட்டுக்கான கடைசி வடிவம்) செய்யக் கிளம்பிவிடாதீர்கள். அது ஸ்பாட்டிஃபை ஒலிக்கவிடும் அளவு, நமக்கான விதி இல்லை. ஆப்பிள் மியூசிக்கில் அது மைனஸ் 16. யூடியூப் சத்தமான பாட்டை இறக்கும், சத்தம் குறைந்ததை ஏற்றாது. சத்தம் குறைவாக வைத்திருந்த என் பாட்டை ஒரு கல்யாண மண்டபத்தில் பென்டிரைவிலிருந்து போட்டார்கள். அங்கே எல்லாவற்றையும் ஒரே சத்தமாக்கும் நார்மலைசேஷன் ஏது? முந்தின பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் என் பாட்டு தொடங்கியதும் அப்படியே நின்றுவிட்டார்கள். காசு போட்டவர் கேட்டதில் தப்பில்லை.

ஹெட்ஃபோன்
நான் மிக்ஸ் செய்பவன் இல்லை, கேட்பவன். 2008-ல் மெட்டாலிக்கா ராக் குழுவின் 'டெத் மேக்னெட்டிக்' ஆல்பம் வந்தபோது சிடியில் டிரம்ஸ் எல்லாம் கரகரத்தது. என் ஹெட்ஃபோன்தான் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம் நண்பன் வீட்டில் அதே பாட்டுகளை 'கிட்டார் ஹீரோ' விளையாட்டில் கேட்டேன். ஸ்னேர் டிரம் தனியாக, சுத்தமாக விழுந்தது. அதே வாசிப்புதான், சிடிக்காக மட்டும் நசுக்கியிருக்கிறார்கள்.

மீட்டர்
எனக்கும் ஒரு மிருதங்கம் இப்படிப் போயிருக்கிறது. தவில்பிரியன், நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். லிமிட்டர் போட்டதையும் போடாததையும் ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து கேளுங்கள். ஏற்றியது எப்போதும் நன்றாக இருப்பதுபோலத்தான் காதுக்குப் படும். சமமாக வைத்தால் தவில் செத்தது அங்கேயே தெரிந்திருக்கும். அவரிடமும் அப்படியே போட்டுக் காட்டியிருக்கலாம். இன்னொன்று, லஃப்ஸ் மீட்டர் பாட்டு முழுவதற்கும் சராசரி போடுகிறது. அந்தச் சராசரியைவிட 10 டிபி கீழே போகும் இடங்களைக் கணக்கிலேயே சேர்க்காது. அதனால் சத்தம் குறைந்த ஆலாபனை எவ்வளவு நீளமாக இருந்தாலும் மீட்டர் காட்டும் எண் குறையாமல் போகலாம்; அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ட்ரூ பீக்கை (ஒலி அலையின் உண்மையான உச்சி) மைனஸ் 1 டிபிக்குக் கீழே நிறுத்துங்கள், எம்பி3 ஆகும்போது உச்சி உடையாது. பென்டிரைவ் சொல்லும் மண்டபத்துக்குத் தனியாக ஒரு மாஸ்டர் கொடுத்துவிடலாமே?

தவில்பிரியன்
இரண்டு மாஸ்டர் கொடுக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. பழைய மிக்ஸ் இன்னும் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. போன மாதம் அந்தத் தவில்காரர் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார். அந்த இடத்தை மட்டும் போட்டேன். விரலால் முழங்காலில் தட்டிக்கொண்டே கேட்டவர், "இது ஏன் வெளியே வரல தம்பி?" என்றார்.