இடுக்குக்குள் கணினி: சின்ன கேபினட்டில் எது பொருந்தும், எது இடிக்கும்

சின்ன கணினி அசெம்பிள் செய்யப்போகிறீர்களா? வைக்கும் இடத்தை அளக்க முதலில் டேப், அப்புறம்தான் கேபினட் படங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு அலமாரிக் கதவு மூடவில்லை என்கிறார்கள். தட்டின் ஆழம் 350 மி.மீ. என்றால் 350 மி.மீ. கேபினட் அதில் நிற்காது. பின்னால் பவர் கார்டும் எச்.டி.எம்.ஐ. பிளக்கும் நேராக நீட்டிக்கொண்டு வந்துதான் வளையும். அதற்கு 50 மி.மீ., தடித்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிளுக்கு 60 மி.மீ. விடுங்கள். முன்பக்கம் பென் டிரைவ் செருகியபடியே கதவை மூடவேண்டுமானால் இன்னொரு 40 போகும். கடைசியில் கையில் மிஞ்சுவது 250, 260தான். எல் வடிவ பிளக் கொஞ்சம் மிச்சம் பிடித்துத் தரும். ஆனால் அது எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்து வாங்குங்கள். தப்பான பக்கம் திரும்பினால் பக்கத்து போர்ட்டை மூடிவிடும்.

கேபினட்டின் பருமனைச் சொல்லும் லிட்டர் கணக்கையும் அப்படியே நம்பவேண்டாம். மூன்று அளவுகளையும் மி.மீ.யில் பெருக்கி 10 லட்சத்தால் வகுத்தால் வருவதுதான் லிட்டர். கூலர் மாஸ்டர் என்.ஆர்.200-க்குச் சொல்லப்படும் 18.25 லிட்டர், 360 × 185 × 274 என்ற உடம்பின் அளவு. கால், பின்பக்க நீட்டல் எல்லாம் சேர்த்தால் 376 × 185 × 292; அதாவது 20 லிட்டருக்கு மேல். தட்டுக்குள் நுழையவேண்டியது இந்த இரண்டாவது அளவு.

* * *

மேலே சொன்னதோடு, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்ன கேபினட்டில் அதிக இடத்தைத் தின்பவற்றில் அதுவும் ஒன்று. சாதாரண ஏ.டி.எக்ஸ். அளவு எஸ்.எம்.பி.எஸ். 150 × 86 × 140 மி.மீ., ஏறத்தாழ 1.8 லிட்டர். சின்ன கேபினட்டுக்கான எஸ்.எஃப்.எக்ஸ். 125 × 63.5 × 100, பாதிக்கும் குறைவு. எஸ்.எஃப்.எக்ஸ்.-எல் அதே உடம்புதான், நீளம் மட்டும் 130. அந்த 30 மி.மீ.யில்தான் சிக்கல். "எஸ்.எஃப்.எக்ஸ்.-எல் பொருந்தும்" என்று கேபினட் விவரத்தில் இருந்தாலும், கேபிள்கள் வெளிவந்து வளைய இடம் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கவேண்டும். மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கேபிள் சொன்னபடி வளையாது.

ஃப்ளெக்ஸ் ஏ.டி.எக்ஸ். இன்னும் ஒல்லி: 81.5 × 40.5 × 150. அதில் 40 மி.மீ. ஃபேன்தான் இருக்கும், லோடு ஏறினால் கொசு மாதிரி ரீங்காரம். காதுக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைப்பவர்களுக்கு வேண்டாம்.

இன்னொன்று, இது ஹார்ட் டிஸ்க்கையே எரித்துவிடும் தவறு: கேபிள் நீளமாக இருக்கிறதென்று வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் குட்டைக் கேபிளை எடுத்துச் செருகாதீர்கள். கழற்றும் வகை எஸ்.எம்.பி.எஸ்.களில் டிஸ்க் பக்க முனைதான் எல்லாவற்றுக்கும் பொது, எஸ்.எம்.பி.எஸ். பக்க முனையில் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல் மாறும். செருகினால் அழகாகப் பொருந்தும், 5 வோல்ட் போகவேண்டிய கம்பியில் 12 வோல்ட் போகலாம்.

* * *

ப்ராசஸரின் கூலர். டான் ஏ4-எஸ்.எஃப்.எக்ஸ். மாதிரி 7 லிட்டர் சாண்ட்விச் கேபினட்டில் (மதர்போர்டும் கிராஃபிக்ஸ் கார்டும் முதுகோடு முதுகாக நிற்பது) உயர வரம்பு 48 மி.மீ. நாக்டுவாவின் என்.எச்.-எல்9ஐ, எல்9ஏ கூலர்கள் 37 மி.மீ., தெர்மல்ரைட் ஏ.எக்ஸ்.பி.90-எக்ஸ்47 47 மி.மீ. 47 ஐ 48-க்குள் போடலாம், ஆனால் ஃபேன் உறிஞ்சுவது பக்கத் தகட்டின் வழியாக என்பதை மறக்கக்கூடாது. தகட்டில் ஓட்டைகள் இருந்தால் ஒட்டி நிற்பது நல்லதுதான், புதுக்காற்று நேராக வரும். கண்ணாடியோ மூடிய தகடோ என்றால் 10 மி.மீ.யாவது இடைவெளி இல்லாமல் அந்தக் கூலர் மூச்சுத் திணறும்.

வெறும் வாட் எண்ணைப் பார்த்தும் ஏமாறவேண்டாம். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் ரைசன் ப்ராசஸரில் 65 வாட் என்று பெட்டியில் எழுதியிருப்பது உண்மையில் 88 வாட் வரை இழுக்கும். 105 வாட் என்பது 142 வரை. இன்டெல் ஐ5-12400-க்கு 65 வாட், டர்போவில் 117. 37 மி.மீ. கூலர் வைத்தால் பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடு அல்லது பவர் லிமிட் போட்டுவிடுங்கள். வேகம் குறைவது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது, ஃபேன் சத்தம் குறைவது நன்றாகத் தெரியும்.

ரேம் உயரமும் இங்கே வரும். உறையில்லாத டி.டி.ஆர்.4 ஸ்டிக் 31 மி.மீ. சொச்சம், விளக்கு எரியும் வகையில் பல 40-ஐத் தாண்டும். சில தாழ்வான கூலர்கள் ரேமின் மேல் கவிந்து உட்காருவதால் அந்தப் பகட்டெல்லாம் இங்கே செல்லாது.

* * *

கிராஃபிக்ஸ் கார்டில் எல்லாரும் நீளத்தைத்தான் பார்க்கிறார்கள். மாட்டும்போது இடிப்பது அகலமும் தடிமனும். தடிமனை ஸ்லாட் கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்லாட் 20.32 மி.மீ.; மூன்று ஸ்லாட் கார்டு 61. "2.5 ஸ்லாட்" கார்டை இரண்டு ஸ்லாட் கேபினட்டுக்குள் திணித்தால் அதன் ஃபேன் தகட்டில் உரசும். அகலத்தில், கார்டைக் கேபினட்டோடு திருகும் தகடான பிராக்கெட்டைத் தாண்டி எவ்வளவு நீட்டுகிறது என்று பாருங்கள்; 111 மி.மீ. இருக்கவேண்டிய இடத்தில் இப்போதெல்லாம் 135, 140 சாதாரணம். அதற்கும் மேல் பவர் கேபிள். புதிய 16 பின் கனெக்டரை, செருகும் இடத்திலிருந்து 35 மி.மீ. வரை வளைக்கக்கூடாது. தகட்டை மூடும் அவசரத்தில் வளைத்தால் பின் சரியாகத் தொடாமல் சூடாகி உருகலாம்.

சாண்ட்விச் அமைப்பில், கார்டை மதர்போர்டோடு இணைக்கும் ரைசர் கேபிள் வரும். ரைசர் ஜென் 3, கார்டு ஜென் 4 (ஜென் என்பது பி.சி.ஐ.இ. இணைப்பின் தலைமுறை) என்றால் திரை கறுப்பாகவே நிற்கலாம், அல்லது விளையாட்டின் நடுவே தொங்கலாம். கார்டு போய்விட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன், ரைசர் இல்லாமல் மதர்போர்டில் நேராகச் செருகி, பயாஸில் அந்த ஸ்லாட்டை ஜென் 3 என்று வைத்துவிட்டுப் பிறகு மாட்டுங்கள்.

* * *

மாட்டும் வரிசை: எம்.2 எஸ்.எஸ்.டி. முதலில், அதுவும் போர்டின் அடிப்பக்கத்தில் ஸ்லாட் இருந்தால் கட்டாயம் முதலில். பிறகு ப்ராசஸர், ரேம், கூலர். போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே வைத்து ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். கேபினட்டுக்குள் போகும்போது ப்ராசஸருக்கான 8 பின் கேபிளைப் போர்டுக்கு முன்னால் இழுத்து வைத்துவிட வேண்டும். அப்புறம் விரல் நுழையாது. முன்பக்க யு.எஸ்.பி.3-இன் தடித்த கேபிளும் அதே கதைதான், பலம் போட்டால் போர்டிலிருந்து பின் கூட்டோடு பெயர்ந்து வரும்.

* * *

கதவுள்ள அலமாரி என்றால் கேபினட்டின் காற்றோட்டம் பாதிக் கதைதான். உள்ளே இழுக்கும் காற்று 10 டிகிரி ஏறினால் ப்ராசஸரும் கிட்டத்தட்ட அதே 10 ஏறும். கதவைத் திறந்து 20 நிமிடம் லோடு கொடுங்கள், வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். மூடி ஒரு மணிநேரம் அதே லோடு. 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஃபேன் மாற்றிப் பயனில்லை. பின்பலகையில், மேல் பக்கமாக, ஓட்டை போடவேண்டும். கேபிளுக்கென்று இருக்கும் ரூபாய் நாணய அகல ஓட்டை போதாது. எஸ்.எம்.பி.எஸ். கீழிருந்து உறிஞ்சும் மாடலில் கால் உயரம் 10 மி.மீ. என்றால் ரப்பர் வைத்து 20 ஆக்குங்கள். தரைவிரிப்பின் மேல் வைக்கவே வேண்டாம்.

கிராஃபிக்ஸ் கார்டே தேவையில்லை என்பவர்கள் இவ்வளவு கஷ்டப்படுவானேன்? உள்ளங்கை அளவு மினி பி.சி. மானிட்டரின் முதுகில் 75 அல்லது 100 மி.மீ. இடைவெளியில் இருக்கும் வெசா எனும் திருகுத் துளைகளில் தொங்கும். மானிட்டர் ஸ்டாண்டே அந்தத் துளைகளைப் பிடித்திருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே திருப்பிப் பார்த்துவிடுங்கள்.