உரமூட்டையும் பொருளாதாரத் தடையும்: யாரைக் காக்க, யாரை வதைக்க?

கடைமடை (திருத்துறைப்பூண்டி):
2022-இல் மேட்டூரை மே 24-இலேயே திறந்தார்கள். தண்ணீர் வந்தது. பொட்டாஷ் உர மூட்டையோ ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து 1,700 ரூபாய்க்குப் போயிருந்தது. பெலாரஸ் மீது அமெரிக்காவும் ஐரோப்பாவும் தடை போட்டிருந்தன; அந்தப் பிப்ரவரியில் லித்துவேனியா, தன் ரயிலில் பெலாரஸ் பொட்டாஷை ஏற்ற மாட்டேன் என்றது. நமக்குப் பொட்டாஷ் முழுக்க இறக்குமதி. பெலாரஸ் அதிபர் லுகாஷென்கோவுக்குப் போட்ட சூடு என் குறுவை வயலில் விழுந்தது.

தலைமடை (திருவையாறு):
அண்ணே, உலகச் சந்தையில் விலை 2021-லேயே ஏற ஆரம்பித்துவிட்டது. முழுப் பழியையும் தடை மேல் போடாதீர்கள். துப்பாக்கி எடுக்காமல் கையைக் கட்ட வேறு வழி என்ன? 2018 ஜூனில், கறுப்புப் பணமும் தீவிரவாத நிதியும் போகும் வழியைக் கண்காணிக்கும் எஃப்ஏடிஎஃப் என்ற சர்வதேச அமைப்பு, பாகிஸ்தானைச் சாம்பல் பட்டியலில், அதாவது கண்காணிப்புப் பட்டியலில், வைத்தது. 2022 அக்டோபரில்தான் விட்டது. இடையில்தான் லஷ்கர்-இ-தொய்பாவைத் தொடங்கிய ஹபீஸ் சயீதுக்குத் தீவிரவாத நிதி வழக்கில் தண்டனை கிடைத்தது. நாமும் 2020 ஏப்ரலில், எல்லையை ஒட்டிய நாடுகளின் முதலீட்டுக்கு அரசு அனுமதி கட்டாயம் என்று ஆக்கினோம். கொரோனாவில் பங்கு விலை விழுந்து கிடந்தபோது நம் கம்பெனிகளை அடிமாட்டு விலைக்கு அள்ளிவிடக் கூடாதே.

சபுராளியின் மச்சான் (கூத்தாநல்லூர்):
நடுவில் வருகிறேன், கோபிக்காதீர்கள். என் மச்சான் சபுராளி, வெளிநாட்டில் சம்பாதிப்பவர்; அவர் துபாயிலிருந்து தங்கச்சி பிரசவத்துக்கு அனுப்பிய பணம் ஒரு வங்கியில் மூன்று வாரம் நின்றது. தடைப் பட்டியலில் இருக்கும் எவனோ ஒருவன் பெயரும் மச்சான் பெயரும் ஒன்றாம். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர்! அப்புறம் ஜனங்கள் வங்கியை விட்டு, கைமாற்றாகப் பணம் அனுப்பும் உண்டியல்காரனிடம் ஏன் போகிறார்கள் என்று கேட்கிறார்கள்.

தலைமடை:
அது அநியாயம்தான் பாய். ஆனால் உண்டியலில் போகிற காசு யார் கைக்குப் போகிறது என்று யாருக்குமே தெரியாது. அதைப் பிடிக்கத்தானே இத்தனை சோதனையும்?

கடைமடை:
சோதனை தொல்லை கொடுத்தால் காசு மறுபடி உண்டியலுக்கே போகும். அதைத்தான் பாய் சொல்கிறார். இன்னொன்று: 2022-இல் உக்ரைன் போருக்காக, மேற்கு நாடுகள் ரஷ்ய மத்திய வங்கியின் ஏறக்குறைய 300 பில்லியன் டாலரை முடக்கின. வேடிக்கை பார்த்த நாடெல்லாம் தன் மடியைத் தடவிப் பார்த்தது. நம் ரிசர்வ் வங்கி உள்நாட்டில் வைத்திருந்த தங்கம் 2024 மார்ச்சில் 408 டன், செப்டம்பரில் 510 டன். ரஷ்யாவைப் பார்த்துத்தான் என்று அவர்கள் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் படுகிறது.

தலைமடை:
சரி, அப்படியானால் தடை என்கிற மதகு ஷட்டரே வேண்டாமா, சாவி நம் கையில் வேண்டுமா?

கடைமடை:
சாவி கேட்கவில்லை தம்பி. உரத்துக்கும் உணவுக்கும் தடை இல்லை என்று தாளில் எழுதிவிடுகிறார்கள். பயந்துகொண்டு வங்கி காசை அனுப்பாது, கப்பலுக்குக் காப்பீடு கிடைக்காது. மதகு திறந்திருக்கிறது என்று பலகை மாட்டிவிட்டு வாய்க்காலை அடைத்த கதை. அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.